இண்டூர் அடுப்படிக்கு எந்தக் கதவு

சேசு மரி சூசை

லிங்கராஜபுரம், பெங்களூர்
2-2-1986, ஞாயிறு

இன்னாசியம்மாள் அவர்களுக்கு,

பெரியநாயகம் எழுதுவது. பொங்கலுக்கு மறுவாரம் என் மாமா சவரியோடு உங்களைப் பெண் பார்க்கத் தபாலாபீசுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போனவன்தான். உங்களுக்கு நேராக எழுதுவது முறையா என்று தெரியவில்லை. மாமாவைக் கேட்டால் கூடாது என்பார், அதனால் கேட்கவில்லை. சவரிகொட்டாய்க்குத் தபாலாபீஸ் அம்மாவே நீங்கள்தான். கடிதம் உங்கள் அண்ணன் அருள்சாமி கைக்குப் போகாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

கல்யாணத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. அதைப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். தவக்காலம் கழிந்து பாஸ்குத் திருநாளான ஈஸ்டரும் ஆனபிறகு, ஏப்ரலில் மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, கடைசி வாரம் தாலி என்று மாமா சொன்னார். நான் கேட்க நினைத்தது கதவைப் பற்றி. இண்டூரில் நம் வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்கு எந்த மாதிரிக் கதவு போடலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

நான் இங்கே தச்சுப் பட்டறையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் எழும்புகிற புது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்வதுதான் எங்கள் வேலை. ஆறு வருடமாக நான் செய்த கதவெல்லாம் அடுத்தவர் வீட்டில் இருக்கிறது. ஒரு கதவை மாட்டி, கீலைச் சரிபார்க்க இரண்டு தடவை திறந்து மூடுவேன். மூன்றாவது தடவை திறந்தால் வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இண்டூர் அடுப்படிக்குக் கிழக்கே ஒரு ஜன்னல். ஏழு மணி வெயில் அதன் வழியாக நுழைந்து, இடுப்பளவு உயரத்தில் இருக்கும் கடப்பைக்கல் மேடையில் விழும். மேடையில் வைத்த செம்புத் தண்ணீர் கூரையில் ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். மேடைக்குக் கீழே மூன்று அலமாரி, சுவரில் தலைக்கு மேலே இரண்டு. ஜன்னலுக்கு வெளியே புளியமரம்.

கதவில் நான்கு விதம் உண்டு. ஒன்று, தேக்குச் சட்டம் அடித்து நடுவில் பலகை கோத்த பேனல் கதவு. இரண்டு, பிளைவுட்டில் சன்மைக்கா ஒட்டிய வழவழப்புக் கதவு. மூன்று, கண்ணாடிக் கதவு. நான்கு, சாய்வாகச் சட்டம் அடுக்கி இடையில் காற்று நுழைகிற லூவர் கதவு. சன்மைக்கா துண்டுகள் ஏழு நிறத்தில் இதோடு வைத்திருக்கிறேன். தந்த நிறம் வெயிலுக்கு நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். உங்கள் எண்ணம்தான் முக்கியம்.

இப்படிக்கு,
பெரியநாயகம்


சவரிகொட்டாய், பாப்பிரெட்டிப்பட்டி வழி
11-2-1986

பெரியநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கவர் வியாழக்கிழமை வந்தது. தபால் பையைத் தூக்கி வந்த கோவிந்தன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கடுதாசிக்குள்ள சில்லு கெடக்குது" என்றான். அதற்குள் நான்கு பேர் எட்டிப் பார்த்துவிட்டார்கள். அடுத்த முறை சில்லு அனுப்பாதீர்கள், எழுதினால் போதும்.

அன்று நீங்கள் வாய் திறக்காமல் போனதும் அண்ணி தெரசா என்னிடம், "மாப்ள பேசுவாரான்னு கேட்டுச் சொல்லச் சொல்லணும்" என்றாள். இப்போது மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் கதவைப் பற்றியே. அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பாள்.

எங்கள் வீட்டு அடுப்படியில் சுவரில் மூன்று பலகை, அதில் டப்பாக்கள், அவ்வளவுதான். உப்பு எங்கே, புளி எங்கே என்று பக்கத்து வீட்டு முனியம்மாளுக்குக்கூடத் தெரியும். வந்து எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் சொல்லுவாள். எல்லாவற்றுக்கும் கதவு போட்டால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்புறம், வெந்த சோற்றில் கரப்பான் விழுந்த கதை நினைவுக்கு வந்து கதவுக்குச் சம்மதித்துவிட்டேன்.

கண்ணாடிக் கதவு வேண்டாம். உள்ளே இருப்பதை எப்போதும் வரிசையாக அடுக்கி வைக்க வேண்டிவரும், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. லூவர் கதவின் இடுக்கில் மிளகாய்த்தூள் படிந்தால் யார் துடைப்பது. பேனல் கதவா, வழவழப்பா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். உங்கள் ஏழு துண்டையும் மேஜையில் வரிசையாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த ஏழு மணி வெயிலில் நானும் செம்புத் தண்ணீருமாக உட்கார்ந்திருக்கிற நினைப்பிலேயே முத்திரையில் தேதியை மாற்ற மறந்து, செவ்வாய்க்கிழமைத் தபாலுக்கெல்லாம் திங்கட்கிழமையைக் குத்திவிட்டேன். பெரிய தபாலாபீசிலிருந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். மேடை இடுப்பளவு என்றால் நின்றுகொண்டுதான் சமைக்க வேண்டுமா. பெங்களூரில் எல்லாரும் அப்படித்தானா. உங்கள் மாமா என்னைப் பற்றி உங்களிடம் என்னவெல்லாம் சொன்னார். இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. இன்லாண்ட் லெட்டரில் மடிப்பு வரைக்கும் வந்துவிட்டேன், இடமில்லை. நாளை சாம்பல் புதன்.

இன்னாசியம்மாள்


லிங்கராஜபுரம், பெங்களூர்
23-2-1986, ஞாயிறு

இன்னாசியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். கரப்பான் இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேஸ்திரி கன்னடத்தில் ஏதோ சொன்னார், காதில் வாங்கவில்லை.

ஆமாம், இங்கே எல்லா வீட்டிலும் நின்றுதான் சமைக்கிறார்கள். புகை கிடையாது, குனிய வேண்டியது கிடையாது. மேடை முன்னால் நின்று, கையை நீட்டினால் மேலே இருக்கும் கதவு, தாழ்த்தினால் கீழே இருக்கும் கதவு. ராணி மாதிரி நிற்கலாம். மாமா உங்களைப் பற்றிச் சொன்னது, சர்க்கார் உத்தியோகம், நல்ல குணம், கோபம் மட்டும் கொஞ்சம் வரும் என்பதுதான். கோபத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்களுக்கு எழுதிய பிறகு அந்தச் சமையலறை என் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்குச் சைக்கிளில் போகும்போது அதற்குள்தான் போகிறேன். நேற்று ஜன்னலுக்கு அடியில் ஒரு சின்ன அலமாரி சேர்த்தேன். அதன் கதவு உள்ளங்கை அளவுதான். அதில் சர்க்கரையும் டீத்தூளும் மட்டும். மழை பெய்தால் புளியமரத்துச் சொட்டு ஜன்னல் கம்பியில் விழுகிற சத்தம் கேட்கும். நீங்கள் கதவைத் திறக்கிற சத்தம் எனக்கு முன்னறையில் கேட்கும். எந்தக் கதவு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், ஏனென்றால் ஒவ்வொரு கீலையும் நான்தானே முடுக்கியிருப்பேன்.

ஒரு அளவு தெரிந்தாக வேண்டும். மேல் அலமாரியை எந்த உயரத்தில் மாட்டுவது என்பது நிற்கிறவர் உயரத்தைப் பொறுத்தது. இந்திராநகரில் ஒரு வீட்டில் ஐயா உயரத்துக்கு மாட்டிவிட்டு, அம்மா ஸ்டூல் போட்டு ஏறுகிறார்கள். அந்தத் தப்பு நம் வீட்டில் நடக்கக் கூடாது. நீங்கள் நின்றால் என் தோளுக்கு வருவீர்களா. அன்று நாங்கள் வந்ததிலிருந்து போகிற வரைக்கும் நீங்கள் தபாலாபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தீர்கள். காப்பியைக்கூட உங்கள் அண்ணிதான் கொண்டுவந்தார். உத்தியோகத்தில் இருக்கிற பெண்ணைப் பார்க்கப் போனால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரோரம் நேராக நின்று, கையை உயர்த்தி, நுனிவிரல் படுகிற இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டு அளந்து எழுதுங்கள். கதவு பேனலா வழவழப்பா என்றும் எழுதுங்கள்.

பெரியநாயகம்


சவரிகொட்டாய்
6-3-1986

பெரியநாயகம் அவர்களுக்கு,

இந்த முறை இன்லாண்ட் வாங்கவில்லை. வெள்ளைத்தாளும் கவரும் எடுத்திருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று வயதில் காய்ச்சல் வந்து என் இடது கால் சூம்பிப் போனது. இடது கையை முட்டியில் ஊன்றித்தான் நடப்பேன். கோயிலுக்கு நடப்பேன், தபாலாபீசுக்கு நடப்பேன், பஸ் ஏறுவேன். ஆனால் நின்றுகொண்டு வேலை செய்ய முடியாது. ஒரு கை முட்டிக்குப் போய்விட்டால் இன்னொரு கையால் என்ன செய்வது. சமைப்பது, ஆட்டுவது, கழுவுவது எல்லாம் தரையில் உட்கார்ந்துதான். எல்லாம் செய்வேன். அண்ணியைவிட நன்றாகவே சமைப்பேன், அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

நீங்கள் வந்த அன்று அண்ணன் காலையிலேயே என்னை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். புடவைக் கொசுவத்தை அண்ணி காலுக்கு மேல் இழுத்துவிட்டாள். நான் அண்ணனைக் கேட்டேன், அவருக்குத் தெரியுமா என்று. "அவங்க மாமா சவரிகிட்ட எல்லாம் சொல்லியாச்சு, நீ எந்திரிக்காம இருந்தா போதும்" என்றார். சொல்லியாகிவிட்டது என்றால் ஏன் எழுந்திருக்கக் கூடாது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் தலையைக் குனிந்தபடி காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் காரணம்.

மேடை இடுப்பளவு என்று நீங்கள் எழுதியதும் சந்தேகம் வந்தது. தோளுக்கு வருவீர்களா என்று படித்ததும் சந்தேகமே இல்லை. உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கதவு எது என்று கேட்டீர்கள். வெளியே திறக்கிற கதவு எதுவும் எனக்கு வேண்டாம். அண்ணன் வீட்டில் தரையோடு ஒரு சுவரலமாரி இருக்கிறது, கீல் போட்ட கதவு. உட்கார்ந்துகொண்டு அதைத் திறந்தால் முகத்தில் வந்து இடிக்கும். ஒவ்வொரு தடவையும் கையை ஊன்றிப் பின்னால் நகர வேண்டும், அப்புறம் முன்னால் நகர வேண்டும். ஒரு குழம்பு வைப்பதற்குள் பதினைந்து தடவை நகர்கிறேன். நின்று சமைக்கிறவர்களுக்கு அது தெரியாது. ஒரு பக்கமாகத் தள்ளுகிற கதவு என்று ஒன்று உண்டாமே, பாப்பிரெட்டிப்பட்டி மருந்துக் கடையில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்த கதவு அதுதான். நீங்கள் எழுதிய நான்கில் அது இல்லை.

ஓலை வாசிக்கும்போது, இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பங்குச் சாமியார் சொல்வார். அதுவரைக்கும் இழுக்க எனக்கு மனசில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கவில்லை என்று அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், உங்களுக்கு ஒரு பேச்சும் வராது.

உங்களை விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், ஒரே ஒரு தடவைதானே பார்த்தேன். அந்தச் சமையலறையை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒரு மாதமாக அதில்தான் குடியிருக்கிறேன். நேற்று உட்கார்ந்தபடியே அதன் தரையைக்கூடப் பெருக்கினேன்.

இன்னாசியம்மாள்


சவரிகொட்டாய்
7-4-1986

பெரியநாயகம் அவர்களுக்கு,

ஒரு மாதமாகிவிட்டது. பை வந்ததும் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் கடிதத்தைப் பிரிக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். இண்டூர் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெரியநாயகம் என்று சாமியார் சொன்னபோது பெண்கள் பக்கத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். இதை நிறுத்தச் சொல்லி உங்கள் பக்கம் யாரும் வரவில்லை. நீங்களும் எழுதவில்லை. உங்கள் மாமா சவரி மட்டும் பாஸ்கு அன்று வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேண்டாம் என்று எழுத உங்களுக்குத் தாட்சண்யமாக இருக்கலாம். அதற்காக வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம் என்று கட்டிக்கொண்டுபோய், தினம் ஒரு தடவை என் காலைப் பார்க்கிற ஆள் எனக்கு வேண்டாம். அதைவிட இந்த மேஜையே மேல். வரும் ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்குள் பதில் வராவிட்டால் நானே சாமியார் பங்களாவுக்குப் போவேன்.

உங்கள் மாமா சொன்னாரே, அந்தக் கோபம் இதுதான்.

இன்னாசியம்மாள்


லிங்கராஜபுரம், பெங்களூர்
9-4-1986

இன்னாசியம்மாள் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஆறாவதையாவது போட்டுவிடுகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை என்று எழுதினால் அது பொய். உங்கள் மேலும்தான். கையில் காப்பி டம்ளரோடு நான் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருக்க, இத்தனை பேரும் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே என்று நினைத்தேன். இரண்டு நாள் அதே கோபத்தோடு கதவு இழைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், செய்து முடித்த ஒரு அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தேன். முகத்தில் இடித்தது. கையை ஊன்றி நகர்ந்தேன், திறந்தேன், மறுபடி நகர்ந்தேன். பத்துத் தடவை செய்து பார்த்தேன். மேஸ்திரி வந்து நின்று, "ஏன் மாட்தா இதீயப்பா" என்றார். என்ன செய்கிறாய் என்று கேட்டவருக்குக் கதவை மறுபடி திறந்து காட்டினேன். ஆறு வருடத்தில் எத்தனையோ கதவு மாட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட உட்கார்ந்து திறந்து பார்த்ததில்லை. கோபம் எந்த நேரத்தில் போனது என்று தெரியவில்லை. போய்விட்டது.

அன்று சாயங்காலமே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்குக் காரணம் உங்கள் கால் இல்லை. அந்தச் சமையலறையை விட்டுக்கொடுப்பது கஷ்டம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரி. அதற்கு என்ன பதில் எழுதுவேன்.

இன்னாசியம்மாள், அந்தச் சமையலறை இல்லை. வீடே இல்லை. இண்டூரில் எனக்கு ஒரு மனை இருக்கிறது. போன வருடம் அதில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அடுப்படி எங்கே, முன்னறை எங்கே என்று குறித்து வைத்தேன், அவ்வளவுதான். வீடு முடிந்துவிட்டது, பூச்சு வேலைதான் பாக்கி என்று மாமா உங்கள் அண்ணனிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது அதனால்தான். உங்களுக்குப் பிடித்துப்போன குனிந்த தலை அது.

உங்களுக்குக் கதவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு ஜன்னல் எழுதினேன், அதற்கு வெயில் தேவைப்பட்டது. வெயில் வந்ததும் செம்பு வந்தது. நீங்கள் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தேன் என்று பதில் எழுதியதும் எனக்கு நிறுத்த முடியவில்லை. நீங்கள் உள்ளே வந்த பிறகு அது வீடாகவே ஆகிவிட்டது. இல்லாத சுவருக்குக் கதவு செய்துகொண்டிருந்தேன்.

பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போனேன். சிலுவைப்பாதை முடிந்து வரும்போது மாமாவைப் பிடித்து, உங்கள் காலைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். "அவங்க ஒண்ணு மறைச்சாங்க, நாம ஒண்ணு மறைச்சோம், சரியாப் போச்சுடா. சும்மா தோண்டாத" என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அங்கிருந்து நேராக மனைக்குப் போய் அந்தக் கோடுகளுக்குள் நின்றேன். நீங்கள் தைரியமாக எழுதிய மாதிரி எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது.

பாவம் என்று கட்டிக்கொள்கிற ஆள் வேண்டாம் என்றீர்கள். நீங்கள்தான் இப்போது என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல வேண்டும். சொல்லவும் வேண்டாம். சாமியார் பங்களாவுக்குப் போவதென்றால் போங்கள், தடை என் பக்கம்தான் என்று சொல்லுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உங்களைக் கட்டிக்கொள்ள ஆசை. அதை இதுவரைக்கும் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை, கதவைப் பற்றியே எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு நல்லது இருக்கிறது. சுவர் எழும்பாததால் எதையும் இடிக்க வேண்டியதில்லை. மேடையை இடுப்பளவு கட்டியிருந்தால் இப்போது உடைக்க வேண்டிவந்திருக்கும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடுப்பு, அதைச் சுற்றி மூன்று பக்கமும் தாழ்ந்த அலமாரி, எல்லாம் தள்ளு கதவு. அதில் ஒரு குறை உண்டு, ஒரு சமயத்தில் பாதிதான் திறக்கும். கீழே ஓடுகிற பள்ளத்தில் மாவு சேரும். அதனால் மேலே தொங்கவிட்டு ஓட வைக்கப் போகிறேன், கீழே பள்ளமே வராது. பாருங்கள், மறுபடியும் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பெரியநாயகம்


சவரிகொட்டாய்
15-4-1986

பெரியநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்துவிட்டு மேஜையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். காலைப் பற்றிச் சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தவள், இல்லாத வீட்டை நினைத்து அழுதேன். சுவரே இல்லாமல் எனக்கு ஏழு நிறத்தில் சன்மைக்கா அனுப்புவீர்களா. தந்த நிறமா, இளம்பச்சையா என்று நான் எத்தனை நாள் யோசித்தேன். உங்கள் மாமாவை இப்போது பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது, கறிச்சோறு மட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லுங்கள் என்றபோது எழுந்துவிடலாமா என்றிருந்தது. எழுந்திருக்கவில்லை. சரி என்று முடிவு செய்து உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். போய்ப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

நேற்று வருடப்பிறப்பு, தபாலாபீஸ் லீவு. முனியம்மாளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குத் தர்மபுரி போய், அங்கிருந்து பென்னாகரம் பஸ்ஸில் ஏறி இண்டூரில் இறங்கினேன். அண்ணனிடம் ஒகேனக்கல் போவதாகச் சொன்னோம். பெரியநாயகம் மனை எது என்று கேட்டதும் பாஞ்சாலி என்று ஒரு அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டே கூட வந்து காட்டினார்கள்.

கோடு பாதிதான் தெரிகிறது. மீதி ஆட்டுக் குளம்பில் போய்விட்டது. அடுப்படி என்று நீங்கள் குறித்த இடத்தைக் கண்டுபிடித்து, வாசல் விட்ட இடத்தின் வழியாகத்தான் உள்ளே போனேன். முனியம்மாள் கோட்டைத் தாண்டி வந்தாள், அவளைத் திட்டி மறுபடி வாசல் வழியாக வரச் சொன்னேன். அப்புறம் தரையில் உட்கார்ந்தேன். மணி எட்டரை இருக்கும். வெயில் நீங்கள் சொன்ன பக்கத்திலிருந்துதான் வந்தது. புளியமரமும் இருக்கிறது. இந்த இரண்டும் பொய்யில்லை. ஜன்னலை மட்டும் இரண்டடி வலப்பக்கம் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெயில் அடுப்புக்குப் போகும், எனக்கு வராது.

கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். வலது கையை நீட்டினேன், ஒரு கதவு தள்ளிக்கொண்டு போயிற்று. இடது கையை நீட்டினேன், இன்னொன்று. எங்கேயும் நகர வேண்டியிருக்கவில்லை. பாஞ்சாலி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெறும் காட்டுல உக்காந்துக்கினு என்னம்மா பண்ற, இது யாரு எடம்னு தெரியுமா" என்று கேட்டார்கள்.

"எங்க வூடுங்க ஆத்தா" என்றேன்.

வாயிலிருந்து அதுவாகவே வந்துவிட்டது. முனியம்மாள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

அண்ணனிடம் இன்றைக்கு இரண்டையும் சொல்லிவிட்டேன், உங்களுக்கு வீடு இல்லை என்பதையும், என் காலைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்பதையும். குதித்தார். நீங்கள் என்னை மேஜைக்குப் பின்னால் உட்கார வைக்கவில்லையா என்று அவரைக் கேட்டதும் அடங்கிவிட்டார். சாமியாரிடம் மூன்றாம் ஓலையை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு வீடு ஆகிற வரைக்கும் நான் இங்கேயே வேலை பார்ப்பேன், நீங்கள் சனிக்கிழமைகளில் வாருங்கள். இனி இருக்கிறதை இருக்கிறது என்று எழுதுங்கள், இல்லாததை இல்லை என்று எழுதுங்கள். ஆசையை ஆசை என்று எழுதினால் தப்பில்லை.

அளவு: உட்கார்ந்து பக்கத்தில் கை எட்டுவது இரண்டடி. மேலே எட்டுவது மூன்றரை அடி. முனியம்மாள் முழம் போட்டு அளந்தாள், ஒரு விரற்கடை கூடக் குறைய இருக்கலாம்.

ஒன்று மட்டும் உங்கள் கணக்கில் வரவில்லை. புறப்படலாம் என்று பார்த்தால் முனியம்மாள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள், பாஞ்சாலி அம்மா ஆட்டின் பின்னால் போய்விட்டார்கள். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இத்தனை பெரிய வீட்டில் நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எந்த நிறமாக இருந்தாலும் சரி. முதலில் ஒரு சுவர் கட்டுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்துகொள்வேன்.

இன்னாசி